இளைஞர் மன்றமா, ஊட்டச்சத்து வகுப்பா: அமெரிக்கப் பல்கலைக்கழக விரிவாக்கத்தில் இரண்டு பணிகள்

கோவையில் மனையியல் படித்து, அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் முதுகலை முடித்த எனக்கு, ஒரே கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்திலிருந்து, ஒரே வாரத்தில் இரண்டு வேலைகளுக்கு அழைப்பு வந்தது. ஒன்று, 4-எச் இளைஞர் மன்றங்களை வழிநடத்தும் கல்வியாளர் பணி; மற்றொன்று, அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்களுக்குச் சமையலும் ஊட்டச்சத்தும் கற்பிக்கும் ஸ்னாப்-எட் பயிற்றுநர் பணி. என் படிப்பு இரண்டாவதற்கே பொருந்தியது. நான் எடுத்ததோ முதலாவது. ஆறு ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் அதையே எடுப்பேன் என்பதால், இவ்வலசல் நடுநிலையானதன்று.

இரண்டும் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணிகளே. 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தால் நிலக்கொடை பெற்று எழுந்த பல்கலைக்கழகங்கள், 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்துக்குப் பிறகு, தம் ஆய்வறிவை ஊர்மக்களிடம் கொண்டுசெல்லப் பெரும்பாலான கவுன்ட்டிகளில் ஆள் வைத்திருக்கின்றன. நம் வேளாண் அறிவியல் நிலையங்களை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பல்கலைக்கழக வேலைக்கு எச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்பு கிடையாது என்றாலும், பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்காத பயிற்றுநர் இடங்களுக்கு அந்த விசா பொருந்தாது என்பதை நம்மவர்கள் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் செய்யும் வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால், ஊட்டச்சத்துப் பணிதான் மனத்துக்கு நிறைவானது. அதில் சேர்ந்த என் தோழியின் வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். குடியிருப்பின் பொது அறையில் எட்டுப் பெண்கள். மேசைமேல் மின்சார அடுப்பு ஒன்று. டப்பாவில் வந்த பீன்ஸை வடிதட்டில் கொட்டிக் குழாயடியில் அலசினாலே உப்பு கணிசமாகக் குறையும் என்று அவர் செய்து காட்டியபோது, கடைசி வரிசையில் கைக்குழந்தையுடன் இருந்த பெண் எழுந்து வந்து, தானும் ஒருமுறை அலசிப் பார்த்தார். அப்படிக் கண்ணெதிரே பலன் தெரியும் தருணங்கள் என் வேலையில் குறைவு.

ஓஹையோவின் கிளார்க் கவுன்ட்டியில் 1902இல் ஏ. பி. கிரகாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர்களைக் கூட்டி மண் பரிசோதனையும் மக்காச்சோளச் சாகுபடியும் சொல்லிக் கொடுத்ததைத்தான் 4-எச்சின் தொடக்கம் என்பார்கள். எட்டு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள் கன்று வளர்க்கிறார்கள், தைக்கிறார்கள், ரோபோ செய்கிறார்கள். ஆனால் மன்றங்களை நடத்துவோர் தன்னார்வலர்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பது, பின்னணிச் சோதனை முடிப்பது, பயிற்சி தருவது, அவர்களுக்குள் மூளும் சண்டையைத் தீர்ப்பது ஆகியவைதான் கல்வியாளரின் உண்மையான வேலை. கோடையில் கவுன்ட்டிக் கண்காட்சி வந்துவிட்டால் வார இறுதி என்பதே இல்லை. பிறந்ததிலிருந்து சைவமான நான், முதல் ஆண்டிலேயே, தான் வளர்த்த பன்றியை ஏலத்தில் விற்றுவிட்டு விம்மிய பத்து வயதுச் சிறுமிக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை கிடைக்காமல் நின்றேன்.

அப்படியிருந்தும் இதையே எடுத்ததற்குக் காரணம், சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்ற ஒரே கேள்விதான். 4-எச் பணியிடத்துக்குக் கூட்டாட்சி, மாநிலம், கவுன்ட்டி ஆகிய மூன்றும் பணம் போடுகின்றன. ஒன்று கைவிட்டாலும் மற்ற இரண்டைப் பிடித்துக்கொண்டு பேரம் பேச இடமுண்டு. ஸ்னாப்-எட் முழுக்கக் கூட்டாட்சி மானியத்தில் நடந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அந்த நிதியைச் செப்டம்பர் 30உடன் முடித்துவிட்டது. தோழியின் பணியும் அத்துடன் போயிற்று. அவர் வேலையில் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

கணக்குகளின் எண்ணிக்கையைவிட, அவற்றுக்காகப் பேசுவோர் யார் என்பதே பெரிது. கவுன்ட்டி வரவுசெலவுக் கூட்டத்தில் எங்கள் பங்கைக் குறைக்கும் பேச்சு எழுந்த ஆண்டில், மன்றப் பெற்றோர் நாற்பது பேர் பிள்ளைகளுடன் வந்து அமர்ந்தார்கள். கவுன்ட்டியை நிர்வகிக்கும் ஆணையர்களில் ஒருவரே சிறுவயதில் 4-எச்சில் ஆடு வளர்த்தவர். வகுப்புக்கு வந்த அந்த எட்டுப் பெண்களில் பலர் மாலை ஆறு மணிக்கு இரண்டாவது வேலைக்குக் கிளம்புகிறவர்கள்; எந்தக் கூட்டத்துக்கு வந்து பேசுவார்கள்? மிகுதியாகத் தேவைப்படுவோருக்கான பணியே முதலில் அறுபடும் இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதன்று. எனினும் வேலை தேடுபவர் அதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

நான் சொல்வது ஒரே கவுன்ட்டியின் அனுபவம். கவுன்ட்டிப் பணமும் கல்வெட்டன்று. ஓஹையோவில் சில கவுன்ட்டிகள் விரிவாக்கத்துக்கான தனிச் சொத்து வரியை வாக்காளர் முன் வைக்கின்றன, அது தோற்கவும் கூடும். கல்வியாளருக்குப் பேராசிரியர் தகுதி உண்டா என்பதும் பதவி உயர்வும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். குடும்ப, நுகர்வோர் அறிவியலுக்கான நிலையான கல்வியாளர் இடம் உங்கள் கவுன்ட்டியில் காலியாக இருந்தால், மேலே சொன்னதை ஒதுக்கிவிட்டு அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள்; மனையியல் படித்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பணி இங்கே இல்லை. எனக்கு அழைப்பு வந்த வாரத்தில் அப்படியோர் இடம் இருக்கவில்லை.