எம்ஜிபி ரோட்ஸ்டர்: கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும்
கொழும்பில வாங்கின எம்ஜிபிய, அதான் இங்கிலாந்தில செய்த பழைய ரெண்டு சீட் திறந்த ஸ்போர்ட்ஸ் கார, லொறியில ஏத்தாம நானே புத்தளம், அனுராதபுரம், வவுனியா எண்டு ஓட்டிக்கொண்டு வந்து சேந்திட்டன், சொல்லி வேலையில்லை. 1798 சிசி எஞ்சின், பெற்றோலையும் காத்தையும் கலக்கிற ரெண்டு எஸ்யூ கார்பரேட்டர், கீழ் கியரிலயே நல்லா இழுக்குது, ஏ9 றோட்டில ஓவர்டிரைவ் (வேகமா ஓடேக்க எஞ்சின் சுத்துறதக் குறைக்கிற கூடுதல் கியர்) சுவிட்சப் போட்டா ஆர்பிஎம் ஊசி சட்டெண்டு இறங்கி சத்தம் அடங்கிடும், எல்லா எம்ஜிபியிலயும் அது இல்லை, அதனால உள்ளதாப் பாத்து வாங்குங்கோ. ஆனையிறவில மேல இருக்கிற துணிக் கூரைய (ஹூட்ட) கழட்டிப்போட்டு ஓடேக்க உப்புக்காத்து முகத்தில அடிக்குது, சா என்ன சுகம்! வெயிலுக்க காலடி கொதிக்கும், ஏசியும் இல்லை, விடியப்புறமே வெளிக்கிடுங்கோ. பவர் ஸ்டியரிங் இல்லாதபடியா பார்க் பண்ணேக்க கை நோகும், ஆனா ஓடேக்க றோட்டு அப்பிடியே கையில தெரியும். பார்ட்ஸ் இங்கிலாந்தில இப்பவும் புதுசாச் செய்யிறாங்கள்.