மேசைக்கு ஐந்து பெட்டி போதும்: கஸீபோவில் மெஷ்ஷும் அடிப்படை வடிவங்களும்

ரோபோக்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கஸீபோ என்ற சிமுலேட்டரில் முதல் மாடலைக் கட்டுகிறவர்கள், பெரும்பாலும் கேட் (கணினி வடிவமைப்பு) மென்பொருளில் வரைந்த மெஷ்ஷை, அதாவது முக்கோணங்களால் ஆன மேற்பரப்பை, அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது மெஷ்ஷைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். எது எதில் முட்டுகிறது என்று பார்க்கும் மோதல் கணக்குக்குப் பெட்டி, உருளை, கோளம்தான். மாடலின் உறுப்புகளை விவரிக்கும் யூஆர்டிஎஃப் கோப்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் பார்வை வடிவத்தையும் மோதல் வடிவத்தையும் தனித்தனியாகக் கொடுக்க முடியும் என்பதால் அழகில் எதுவும் குறையாது.

வித்தியாசம் கணக்கில் இருக்கிறது. இரண்டு கோளங்கள் முட்டுகின்றனவா என்று பார்க்க, மையங்களுக்கு இடையிலான தூரம் ஆரங்களின் கூட்டலை விடக் குறைவா என்று சரிபார்த்தால் போதும். மெஷ் என்றால் ஆயிரக்கணக்கான முக்கோணங்களில் எது எதைத் தொடுகிறது என்று தேட வேண்டும். கஸீபோ ஒவ்வொரு தடவையும் கணக்கை முன்னே நகர்த்தும் கால அடி வழக்கமாக 0.001 நொடி. அதாவது, மாடலில் ஒரு நொடி ஓடுவதற்குள் 1000 தடவை இந்தத் தேடல்.

ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். பலகைக்கு ஒரு பெட்டி, கால்களுக்கு நான்கு. பலகை 1.2 மீட்டர் நீளம், 0.6 அகலம், 10 கிலோ என்றால், செங்குத்து அச்சைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றுவதற்கு எவ்வளவு எதிர்ப்பு என்ற அளவு) நிறையைப் 12-ஆல் வகுத்து, நீள அகல வர்க்கங்களின் கூட்டலால் பெருக்கினால் வந்துவிடும்: 1.5. ஒரு தாளில் போட்டு முடித்துவிடலாம். மெஷ்ஷுக்கு இதே எண்ணைப் பெரும்பாலும் மென்பொருளை வைத்துத்தான் எடுக்க வேண்டும். மெஷ்ஷில் எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. அப்புறம் மெஷ்ஷைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகே கிடையாது. மில்லிமீட்டரில் வரைந்த மேசையை 0.001 அளவுகோல் கொடுக்காமல் ஏற்றினால் ஆயிரம் மடங்கு பெரிதாக வந்து நிற்கும்.

உருளையிலும் கவனம் வேண்டும். யூஆர்டிஎஃப்பில் அதன் அச்சு செங்குத்தாகவே இருக்கும். சக்கரமாக்க 1.5708 ரேடியன் திருப்ப வேண்டும். ரோபோவைப் பின்னால் தாங்கும் சின்னச் சக்கரத்துக்கு உராய்வை அநேகமாகப் பூஜ்யமாக்கிய ஒரு கோளமே போதும்.

சரி, மெஷ் எங்கே ஜெயிக்கும்? மேடு பள்ளமான தரையில். அங்கே பெட்டிகளை அடுக்கினால் ரோபோ படிக்கட்டு ஏறுவது போலத்தான் போகும்.

கோப்பை போன்ற குழிவான பொருளுக்கும் மெஷ்தான் வழி என்று தோன்றும். ஆனால் முஜோகோ என்ற இன்னொரு சிமுலேட்டரில் சாதாரண மெஷ் மோதும்போது அதன் குவி உறைதான், அதாவது குழிகளை மூடி இழுத்துச் சுற்றிய உறைதான், கணக்கில் வரும். கோப்பையின் வாய் மூடிப்போகும், உள்ளே போட்ட பந்து மேலேயே நிற்கும். மெஷ்ஷைக் குவிந்த துண்டுகளாகப் பிரிக்கும் வி-ஹேக்டி போன்ற கருவிகள் உண்டு, சிக்கலான உருவங்களுக்கு அவை நல்லவை. கோப்பைக்கு நான் செய்வது வேறு: அடியில் ஒரு தட்டை உருளை, சுற்றிலும் வட்டமாக 12 மெல்லிய பெட்டிகள். பந்து உள்ளே விழுந்து, சுவரில் முட்டி, அடியில் போய் நிற்கும்.