புறாத்தீவுப் படகுப் பதிவு: திரைக்குத் திரை தரவை யார் சுமப்பது?

இலங்கையின் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு பதிவு செய்யும் ஓர் அன்ட்ரொய்ட் செயலியை எடுத்துக்கொள்வோம். முதல் திரையில் திகதியும் பயணிகளின் பெயர்களும், இரண்டாவதில் படகுத் தெரிவு, மூன்றாவதில் கட்டணம். முதல் திரையில் தட்டியது மூன்றாவது திரைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் வழக்கு.

பலரும் முதலில் கைநீட்டுவது சிங்கிள்டனை நோக்கி. செயலி முழுவதற்கும் ஒரே பொருள். எந்தத் திரையும் எழுதலாம், எந்தத் திரையும் வாசிக்கலாம். சில வரிகளில் வேலை முடிந்துவிடும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கட்டணத் திரை வரை வந்த பயணி, வங்கிச் சீட்டைப் படமெடுக்கக் கமராவைத் திறக்கிறார் என்று வையுங்கள். நினைவகம் குறைந்த கைபேசி என்றால், பின்னணிக்குப் போன நம் செயலியை அன்ட்ரொய்ட் ஓசையின்றி நிறுத்திவிடக்கூடும். அவர் திரும்பியதும் அதே கட்டணத் திரையை மீண்டும் எழுப்பித் தரும். சிங்கிள்டனோ புதிதாய்ப் பிறந்து வெறுங்கையோடு நிற்கும். திகதி இல்லை, படகு இல்லை, கட்டணம் பூச்சியம். நேரெதிரான தொல்லையும் உண்டு. ஒரு குடும்பத்தின் பதிவு முடிந்ததும் அழிக்க மறந்தால், அதே கைபேசியில் அடுத்துப் பதிபவருக்கு முன்னவரின் பெயர்கள் தலைகாட்டும்.

அடுத்த வழி இன்டென்ட், அதாவது இன்ன திரையைத் திற என்று இயங்குதளத்துக்கு அனுப்பும் செய்தி. தரவை அதில் வைத்து அனுப்பும்போது ஒவ்வொரு திரையும் தனக்கு வேண்டியதை வெளிப்படையாகக் கேட்டு வாங்குகிறது. செயலி நிறுத்தப்பட்டாலும் இயங்குதளம் அந்த இன்டென்ட்டை வைத்திருந்து திருப்பித் தரும். ஆனால் பொதி சிறியதாக இருக்கவேண்டும்: அடியில் இச்செய்திகளைக் கடத்தும் பைண்டரின் இடைநினைவகம் ஒரு செயலிக்கு ஏறத்தாழ 1 எம்பிதான், அதுவும் அந்நேரம் நடக்கும் எல்லாப் பரிமாற்றங்களுக்கும் பொது. படகின் புகைப்படத்தை அப்படியே திணித்தால் செயலி சரிந்துவிடும். படகின் அடையாள எண்ணை மட்டும் அனுப்புவதே முறை. பயணிகளின் பெயர்கள் படகுத் திரைக்குத் தேவையே இல்லை என்றாலும், அடுத்த திரைக்குக் கைமாற்ற அது சுமந்தாகவேண்டும் என்பது இன்னொரு சலிப்பு.

மூன்று திரைகளையும் ஒரே ஆக்டிவிட்டிக்குள் (அன்ட்ரொய்ட் திறக்கும் திரைச் சட்டகம்) ஃபிராக்மென்ட்களாக (அச்சட்டகத்துக்குள் மாறி மாறி வரும் பகுதிகள்) அமைத்தால், திரைகளுக்கான தரவை வைத்திருக்கும் பகிர்ந்த வியூமாடல் கைகொடுக்கும். கூகுள் 2017இல் அறிமுகப்படுத்திய ஆர்க்கிடெக்சர் கம்போனென்ட்ஸ் தொகுப்பில் வந்தது இது. கைபேசியைத் திருப்பினாலும் தரவு கலையாது. லைவ்டேட்டாவையோ ஸ்டேட்ஃப்ளோவையோ சேர்த்தால், தரவு மாறியதும் அதைக் கவனித்திருக்கும் திரைக்குச் சொல்லும் அப்சர்வர் முறையும் கூடவே வந்துவிடும். ஒருவர் பெயரை நீக்கினால் கட்டணம் தானே குறையும். ஆக்டிவிட்டியை மூடினால் தரவும் போய்விடும் என்பதால் பழைய எச்சத் தொல்லை இல்லை. ஆனால் அன்ட்ரொய்ட் செயலியை நிறுத்தினால் வியூமாடலும் சேர்ந்தே போகும். அதற்கு, சிறு தரவை இயங்குதளத்திடம் ஒப்படைத்து மீட்கும் சேவ்ட்ஸ்டேட்ஹேண்டில் வேண்டும். அதை விட்டுவிட்டு நிம்மதியாக உறங்குபவர்கள் சிங்கிள்டன்காரர்களைவிட ஒரு படிதான் மேல்.

ஒரு திரை பொதுவில் செய்தியை அறிவிக்க, வேண்டியவர் கேட்டுக்கொள்ளும் ஈவென்ட்பஸ்ஸுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. யார் கூவினார், யார் கேட்டார் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

தரவை எடுத்துத் தரும் பொது இடமான ரெப்போசிட்டரியும், அதன் அடியில் கைபேசியிலேயே தரவைச் சேமிக்கும் ரூம் தரவுத்தளமும் வேறு வகை. தரவு எந்தத் திரைக்கும் சொந்தமில்லை. திரைகள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. படகு கரையை விட்ட பின் சிக்னல் இல்லாவிட்டாலும் பயணி தன் பதிவைத் திறந்து காட்டலாம். அட்டவணையில் ஒரு நிரலைக் கூட்டினாலும், பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் மைகிரேஷன் ஒன்றை அமைக்கவேண்டும் என்பது இதற்கான விலை. மூன்று திரைச் செயலிக்கு இவ்வளவு எதற்கு என்பார்கள். பாதி நிரப்பிய படிவத்துக்கு அதிகம்தான். காசு கைமாறிய பதிவுக்கு அல்ல.

ஆகவே படிவம் நிரம்பும்வரை சேவ்ட்ஸ்டேட்ஹேண்டிலோடு கூடிய வியூமாடல், பணம் கட்டியதும் ரூம், பதிவுச் சீட்டுத் திரைக்கு இன்டென்ட்டில் பதிவு எண் மட்டும் என்பதே என் தெரிவு. சந்தேகமிருந்தால், டெவலப்பர் அமைப்புகளில் பின்னணிச் செயலிகளின் எல்லையைப் பூச்சியமாக்கிவிட்டு, கட்டணத் திரையிலிருந்து கமராவுக்குப் போய்த் திரும்பி வாருங்கள்.