வர்த்தக சபையா, பரிந்துரைக் குழுவா?

இரண்டிலும் சந்தா உண்டு, விசிட்டிங் கார்டு கைமாறும். ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

பரிந்துரைக் குழுவின் கணக்கு எளிது: உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களை அனுப்பிவைப்பார்கள். 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎன்ஐ (Business Network International) அமைப்பை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு கூட்டம், ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டும். ஒரு ஆடிட்டர் இருந்தால் இன்னொருவருக்கு இடமில்லை. காப்பீட்டு முகவர், உள்ளலங்காரம் செய்பவர் போன்றோருக்கு இது நன்றாகவே பலன் தரும்.

ஆனால் மின்வெட்டு, குண்டும் குழியுமான சாலை, கழிவுநீர் என்று வந்தால் அந்தக் குழுவால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதற்கு வணிகர்கள் ஒன்றுசேர்ந்த வர்த்தக சபைதான். 1599இல் பிரான்சின் மார்சேயில் உருவான சபையே வணிகர்களின் பொது நலனைக் காக்க எழுந்ததுதான். இங்கே போட்டியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கோரிக்கையில் கையெழுத்திடுவார்கள். அரசு காதுகொடுப்பது அந்த எண்ணிக்கைக்குத்தான். ஜெர்மனியில் பெரும்பாலான நிறுவனங்களுக்குச் சபை உறுப்பினராவது சட்டப்படியே கட்டாயம்.

சபையில் இரண்டு சிக்கல்கள். துணை மின்நிலையம் கேட்டுப் பெற ஆண்டுகள் ஆகும். வந்த பிறகு சந்தா கட்டாதவருக்கும் அதே மின்சாரம்தான். அப்புறம், முன்னுரிமைப் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரிய ஆலைகள் கேட்கும் லாரிச் சாலை முதலிடம் பிடிக்கும், சிறு பட்டறைகளின் வடிகால் கடைசிக்குப் போய்விடும்.

சரக்கு ஏற்றி இறக்கும் தொழில் என்றால் யோசிக்காமல் சபையில் சேரலாம், உள்கட்டமைப்புக் குழுவிலும் இடம் கேட்கலாம். ஆள் அறிமுகத்தை நம்பிய சேவைத் தொழில் என்றால் வாராந்திரக் குழுவே முதலில்.