சுங்கை சிப்புட் சந்தை ஒட்டுக்கடை: தோசையோடு அவகாடோ சம்பல்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சந்தைப் பக்கம் ஓர் அக்கா நடத்தும் ஒட்டுக்கடையில் இப்போது தோசைக்கு அவகாடோ சம்பல் கிடைக்கிறது. தோட்ட மருந்தகத்தில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரத்தக் கொதிப்போடும் நெஞ்சு வலியோடும் வந்த எத்தனையோ பேரைப் பார்த்தவன் என்பதால் இந்தக் கடை நன்றாக ஓடவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ருசியில் குறையே இல்லை. நாம் கேட்ட பிறகுதான் பழத்தை வெட்டி மசிக்கிறார். சின்ன வெங்காயம், ஊசி மிளகாய், உப்பு, கஸ்தூரி எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. முறுகலான தோசையில் வழவழவென்று பரவி, கடைசியில் காரம் எட்டிப்பார்க்கிறது. இரண்டு தோசையும் சம்பலும் 7 வெள்ளி. தேங்காய்ச் சட்னி என்றால் 3 வெள்ளிதான். பழத்தின் விலை அப்படி.

அந்தக் கூடுதல் காசு எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். 100 கிராம் அவகாடோவில் ஏறக்குறைய 15 கிராம் கொழுப்பு உண்டு. பெரும்பகுதி ஒலியிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே வகை. தேங்காய்க் கொழுப்போ பெரும்பாலும் நிறைவுற்றது. அது அளவு மீறினால், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் இழுத்துக்கொள்வது குறைந்து, அது ரத்தத்திலேயே கூடிவிடும். பழத்துக் கொழுப்பு எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்: நம் ஊரைச் சுற்றி நிற்கும் செம்பனையும் பழம்தான், அதன் எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு.

அமெரிக்காவில் 1 லட்சத்து 10 ஆயிரம் பேரை 30 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது அரைப் பழம் அளவு சாப்பிட்டவர்களுக்கு இதய, ரத்தநாள நோய் 16 விழுக்காடு குறைவாக இருந்தது. பழம் மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் வெண்ணெய், சீஸ், பதப்படுத்திய இறைச்சி இவற்றுக்குப் பதிலாக அவகாடோ சாப்பிட்டால் ஆபத்து குறையலாம் என்று காட்டியது. பதிலாக என்பதுதான் முக்கியம். நெய் ரோஸ்ட்டுக்கு மேல் இதையும் சேர்த்துக்கொண்டால் என்ன லாபம்?

இதே கடையின் அவகாடோ ஷேக் எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டிப்பால், குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லம், மேலே சாக்லேட் பாகு. இனிப்பு நீர் உள்ளவர்கள் நிறைந்த ஊரில் இது வேண்டாம் அக்கா என்று நேரிலேயே சொன்னேன். கேட்டால் வெறும் பழமும் ஐஸும் அடித்துத் தருகிறார், அப்படியே கேளுங்கள்.

வீட்டுக்கும் பழம் வாங்கலாம். "இன்னைக்குச் சாப்பிடவா, ரெண்டு நாள் கழிச்சா?" என்று கேட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். சொரசொரப்பான சின்ன ஹாஸ் வகையில் கொழுப்பு அதிகம், விலையும் அதிகம். வழுவழுப்பான பெரிய பச்சைப் பழம் கொஞ்சம் நீர்த்திருக்கும், சம்பலுக்கு அது போதும். காயாக இருந்தால் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் கட்டி வையுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடவேண்டாம், பொட்டாசியம் அதிகம்.

காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் தோசை மாவு இருக்காது. திங்கட்கிழமை கடை இல்லை.