ஸ்ட்ரீம் பஃபரோடு மூன்று வருடம்: டாஸ்க்குகளுக்கிடையே ஒலி கைமாறும் கதை

மூன்று வருடமாக ஒரே சாதனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கை அளவு பலகை, அதில் ஈஎஸ்பி32 என்ற ஒரு வைஃபை சிப், ஒரு மைக், ஒரு குட்டி ஸ்பீக்கர். இங்கே பேசினால் இன்னொரு பலகையில் கேட்கவேண்டும், அங்கே பேசினால் இங்கே. இன்டர்காம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடுவது ஃப்ரீஆர்டிஓஎஸ், இதுபோன்ற சின்னச் சிப்புகளுக்கான குட்டி இயங்குதளம். அதில் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். மைக்கைப் படிக்க ஒரு டாஸ்க், ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் சுருக்க ஒன்று, வைஃபையில் அனுப்ப ஒன்று. எதிர்த்திசைக்கும் இதே வரிசை. இவற்றுக்கிடையே ஒலியைத் துண்டு துண்டாகக் கைமாற்ற முதலில் எல்லா இடத்திலும் ஸ்ட்ரீம் பஃபரைத்தான் போட்டேன், அதாவது ஒரு டாஸ்க் எழுதும் பைட்டுகளை மற்றது எடுக்கும்வரை வைத்திருக்கும் இடம். இன்று அதில் பாதியைக் கழற்றிவிட்டேன், மீதி அப்படியே இருக்கிறது.

கணக்கு எளிது. வினாடிக்கு 16,000 சாம்பிள் (ஒலியை அளந்த எண்), ஒவ்வொன்றும் 2 பைட், ஒற்றைச் சேனல். ஆக வினாடிக்கு 32,000 பைட். ஓபஸுக்கு 20 மில்லி வினாடித் துண்டாகக் கொடுக்கிறேன், அதாவது 320 சாம்பிள், 640 பைட். இந்த 640 என்ற எண்ணை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஸ்ட்ரீம் பஃபர் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் 10-ஆம் பதிப்பில் வந்தது. டாஸ்க்குகளுக்கிடையே பொருள்களை வரிசையாகக் கைமாற்றும் கியூவில் ஒவ்வொரு பொருளும் ஒரே அளவில் இருக்கவேண்டும். இதில் அந்தக் கட்டாயம் இல்லை, ஒரு முனையில் பைட்டுகளை ஊற்றினால் மறுமுனையில் எடுத்துக்கொள்ளலாம். எழுதுவது ஒருவர், படிப்பது ஒருவர் என்பது மட்டும் நிபந்தனை. என் வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது போலத் தோன்றியது. முதல் ஆறு மாதம் அந்த நினைப்பு மாறவும் இல்லை.

முதல் ஏமாற்றம் ட்ரிகர் அளவில், அதாவது எத்தனை பைட் சேர்ந்தால் படிக்கும் டாஸ்க்கை எழுப்பவேண்டும் என்று நாம் வைக்கும் எண்ணில். 640 என்று வைத்தால் 640 பைட் சேர்ந்த பிறகுதான் படிக்கும் டாஸ்க் எழும் என்று நினைத்திருந்தேன். பஃபர் காலியாக இருந்து, டாஸ்க் காத்திருக்கும்போது மட்டுமே அது உண்மை. உள்ளே ஏற்கெனவே 100 பைட் கிடந்தால் காத்திருக்காமல் அந்த 100-ஐக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். காத்திருக்கும் நேரம் முடிந்துபோனாலும் கையில் வருவது இருப்பது மட்டும்தான். ஆவணத்தை ஒழுங்காகப் படிக்காதது என் தப்பு. 640 சேரும்வரை திரும்பத் திரும்பப் படிக்க ஒரு லூப் எழுதிச் சமாளித்தேன். உண்மையிலேயே ட்ரிகர் அளவு நிரம்பும்வரை காத்திருக்கும் வகை ஒன்று 11.1 பதிப்பில் சேர்ந்திருக்கிறது. நான் இருப்பது பழைய 10 வரிசையில் என்பதால் லூப் தொடர்கிறது.

அடுத்தது என்னை ஒரு வாரம் படுத்தியது. எப்போதாவது, திடீரென்று, மறுமுனையில் குரல் போய் முழு இரைச்சல். அருவிக்குப் பக்கத்தில் நிற்பது போல. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மைக்கைச் சந்தேகப்பட்டேன், ஒயரை மாற்றினேன், ஓபஸைக்கூடக் கொஞ்சம் திட்டினேன். கடைசியில் பைட்டுகளை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் வெளிச்சம் வந்தது. பஃபருக்கு 4096 பைட் நினைவகத்தை நானே ஒதுக்கிக் கொடுத்திருந்தேன். அப்படி ஒதுக்கினால் பயன்படுத்த முடிவது ஒரு பைட் குறைவு, 4095. வைஃபை மூச்சுத் திணறும் நேரத்தில் சுருக்கும் டாஸ்க் பின்தங்கும், பஃபர் நிரம்பும். ஆறு துண்டு போனால் 3840. ஏழாவது துண்டுக்கு இருப்பது 255 பைட் இடம். பஃபர் அந்த 255-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு, “255 எழுதினேன்” என்று திருப்பிச் சொல்கிறது. நான் அந்தப் பதிலைப் பார்க்கவே இல்லை.

255 ஒற்றைப்படை. அதாவது கடைசி சாம்பிளில் பாதி உள்ளே போயிற்று, பாதி போகவில்லை. அதன் பிறகு ஒரு சாம்பிளின் மேல் பைட்டும் அடுத்த சாம்பிளின் கீழ் பைட்டும் ஜோடி சேர்ந்து நடக்கின்றன. அதைத்தான் இரைச்சலாகக் கேட்டேன். இன்னொரு முறை நிரம்பினாலும் சரியாகாது, ஏனென்றால் அப்போது மிஞ்சும் இடம் இரட்டைப்படையாக இருக்கும். கோணல் கோணலாகவே நிற்கும்.

திருத்தம் நான்கு வரிதான். ஒதுக்கீட்டை 4097 ஆக்கினேன். எழுதுவதற்கு முன் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டு, 640-க்குக் குறைந்தால் முழுத் துண்டையும் கீழே போட்டுவிட்டு, விழுந்த துண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறேன். எழுதுவது நான் ஒருவன்தான் என்பதால், கேட்டதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இடம் கூடலாம், குறையாது. 20 மில்லி வினாடி ஒலி போவதைக் காது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, அரை சாம்பிள் போவதைத்தான் மன்னிப்பதில்லை.

இன்னொரு சில்லறைத் தொல்லை: ஸ்ட்ரீம் பஃபர் டாஸ்க்கை எழுப்ப உள்ளுக்குள்ளே டாஸ்க் நோட்டிஃபிகேஷனைத்தான் (ஒரு டாஸ்க்குக்கு நேரடியாகச் சமிக்ஞை அனுப்பும் வசதி) பயன்படுத்துகிறது, அதுவும் அதற்கான வரிசையில் 0-ஆவது இடத்தை. “நிறுத்து” என்று சொல்ல நானும் அதே இடத்தைப் பிடித்திருந்தேன். என் சமிக்ஞையை 1-ஆவது இடத்துக்கு மாற்றியதும் முடிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு மைக்கிலிருந்து சுருக்கும் டாஸ்க் வரையிலான பாதையில் ஸ்ட்ரீம் பஃபரை எடுத்துவிட்டேன். அது கெட்டது என்பதால் அல்ல. என் துண்டு எப்போதும் ஒரே அளவு. ஒரே அளவுள்ள பொருளைப் பைட் ஓட்டமாகக் கரைத்து, மறுபக்கத்தில் மறுபடி பொருளாகக் கட்டுவது வீண் வேலை. இப்போது 640 பைட் கொண்ட எட்டுத் துண்டுகள், மொத்தம் 5120 பைட். இரண்டு கியூ: ஒன்றில் காலித் துண்டுகளின் பாயின்ட்டர் (நினைவக முகவரி), மற்றதில் நிரம்பியவற்றின் பாயின்ட்டர். மைக் டாஸ்க் காலியில் ஒன்றை எடுத்து நிரப்பி அனுப்பும், சுருக்கும் டாஸ்க் வேலை முடித்துக் காலியில் திருப்பிப் போடும். கியூ வழியே போவது 4 பைட் மட்டுமே. காலித் துண்டு இல்லையென்றால் மைக் டாஸ்க் காத்திருக்காது, அந்த 20 மில்லி வினாடியைக் கைகழுவிவிட்டு நடையைக் கட்டும்.

இதிலும் பள்ளம் உண்டு. கொடுத்துவிட்ட துண்டைத் திரும்பத் தொடக்கூடாது. ஒருமுறை, அனுப்பிய பிறகு அதே பாயின்ட்டரை வைத்து ஒலியளவு மீட்டருக்குக் கணக்குப் போட்டேன். படிப்பதுதானே என்ற அலட்சியம். அதற்குள் அந்தத் துண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கும், மீட்டர் பேய் பிடித்ததுபோல ஆடியது. இப்போது அனுப்பிய கையோடு அந்த மாறியில் பூஜ்யத்தைப் போட்டுவிடுகிறேன்.

மாதக்கணக்கில் ஓடவிட்டால்தான் தெரிவது ஒன்று இருக்கிறது. கேட்கும் பக்கத்தில் நான்கு துண்டு சேர்த்துக்கொண்டு ஒலிக்கத் தொடங்குகிறேன், 80 மில்லி வினாடி கையிருப்பு. இரண்டு பலகைகளை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். ஏறக்குறைய 27 நிமிடம் சுத்தமாக இருந்தது. அப்புறம் ஒரு “டக்”. பிறகு ஏறக்குறைய ஆறே முக்கால் நிமிடத்துக்கு ஒன்று, கடிகாரம் வைத்ததுபோல. உண்மையில் கடிகாரம்தான். இரண்டு பலகைகளிலும் கடிகாரத் துடிப்பைத் தரும் படிகங்கள் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசத்தில் ஓடினால் வினாடிக்கு 0.8 சாம்பிள் குறையும், 400 வினாடிக்கு ஒரு முழுத் துண்டு. கையிருப்பை இரட்டிப்பாக்கிப் பார்த்தேன். முதல் “டக்” தள்ளிப்போனதே தவிர, அதற்குப் பிந்தைய இடைவெளி மாறவில்லை, தாமதம்தான் கூடியது. இப்போது கையிருப்பின் சராசரியைக் கவனித்து, குறைந்தால் ஒரு சாம்பிளை இரட்டிக்கிறேன், கூடினால் ஒன்றை விழுங்குகிறேன். குரலில் தெரிவதில்லை. இசையில் இந்தக் குறுக்குவழி எடுபடாது, முறையான மறுமாதிரியாக்கம் (சாம்பிள் வேகத்தையே கணக்கிட்டு மாற்றுவது) வேண்டும்.

ஸ்ட்ரீம் பஃபர் இன்னும் எங்கே இருக்கிறது? பிழை தேடும் சீரியல் கம்பியில். அங்கே எத்தனை பைட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, பைட் வந்ததும் ஓடும் இன்டரப்ட்டிலிருந்து ஒரே டாஸ்க்குக்குப் போனால் போதும். மூன்று வருடத்தில் அந்த இடத்தைத் தொட வேண்டியே வரவில்லை. சுருக்கிய ஓபஸ் பொட்டலங்களுக்கு அதன் தம்பியான மெசேஜ் பஃபர். பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவு மாறும், ஒவ்வொன்றின் முன்னும் நீளத்துக்கு 4 பைட் எடுத்துக்கொள்ளும். ஆனால் முழுப் பொட்டலம் போகும் அல்லது போகவே போகாது, பாதி என்ற பேச்சே இல்லை. மைக்குக்கும் இதையே முதல் நாளில் போட்டிருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

விழுந்த துண்டுகளின் எண்ணிக்கை இப்போதும் சீரியலில் நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. வைஃபை தொடர்பு அறுந்து மறுபடி ஒட்டும்போது மட்டும் ஏழெட்டு கூடும், மற்ற நேரங்களில் அசைவதில்லை.