நாடாப்புழுவுக்கு மூலிகை: தட்டில் சோதிப்பதா, எலியில் சோதிப்பதா?

மூலிகைச் சாறு நாடாப்புழுவைக் கொல்கிறதா என்று பார்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: மண்புழு, தட்டில் வைத்த கோழி நாடாப்புழு, எலி.

மண்புழுவை ஒதுக்கிவிடலாம். மலிவு, எளிது, அவ்வளவுதான். அது ஒட்டுண்ணியே அல்ல. வாயும் குடலும் உள்ள உயிர். நாடாப்புழுவுக்கு இரண்டும் கிடையாது, எல்லாவற்றையும் மேல்தோல் வழியாகவே உறிஞ்சுகிறது. மண்புழு செத்ததை வைத்து நாடாப்புழுவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கோழிக் குடலிலிருந்து எடுத்த ராய்லியெட்டினா புழு முதல்கட்ட வடிகட்டலுக்கு நல்லது. 0.9% உப்புக்கரைசலில் கழுவி, 37 முதல் 39 டிகிரி வெப்பத்தில் வைத்து, சாற்றை மில்லிக்கு 5, 10, 20 மிகி அளவில் சேர்த்து, அசைவு நிற்கும் நேரத்தையும் சாகும் நேரத்தையும் குறிப்பார்கள். வெறும் கரைசல், கரைப்பான் மட்டும் (டிஎம்எஸ்ஓ என்றால் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்), பிராசிகுவான்டெல் (நாடாப்புழுவுக்கான வழக்கமான மருந்து) ஆகிய மூன்று ஒப்பீட்டுத் தட்டுகளும் கூடவே ஓட வேண்டும். அசைவு நின்றதைச் சாவு என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. வெதுவெதுப்பான புதுக் கரைசலுக்கு மாற்றினால் மயங்கிய புழு மீண்டும் நெளியும்.

பெரிய பொறி டானின், அதாவது தாவரங்களில் உள்ள துவர்ப்புப் பொருள். துவர்ப்பான பட்டைச் சாறு தட்டில் புழுவின் தோல் புரதத்தோடு நேரடியாகப் பிணைந்து அதைக் கொன்றுவிடும். குடலிலோ உணவுப் புரதம் அந்த டானினை முதலில் பிடித்துக்கொள்ளும். அளவும் இடிக்கிறது: 10 மில்லி தட்டில் மில்லிக்கு 20 மிகி என்றால் இரண்டு மூன்று புழுக்களுக்கு 200 மிகி. 200 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 400 மிகி கொடுத்தாலும் மொத்தமே 80 மிகிதான்.

ஆகவே தீர்ப்பு எலியிடம். ஹைமெனோலெபிஸ் டிமினியூட்டா என்ற எலி நாடாப்புழுவின் முட்டைகளை மாவு வண்டுகளுக்கு ஊட்டி, இரண்டு வாரம் கழித்து வண்டுக்குள் உருவான இளநிலைப் புழுக்களில் நான்கைந்தை ஓர் எலிக்குக் கொடுக்கிறார்கள். அதிகம் கொடுத்தால் நெரிசலில் புழுக்கள் குட்டையாகி, கணக்கு குழம்பும். மூன்றாம் வாரத்தில் முட்டை மலத்தில் வரும், அப்போதுதான் மருந்து. இதற்குச் சுண்டெலி வேண்டாம். சுண்டெலியின் எதிர்ப்புச் சக்தியே இரண்டு வாரத்துக்குள் இந்தப் புழுவை வெளியேற்றிவிடும், பெயரோ மூலிகைக்குப் போகும்.

முட்டை எண்ணிக்கை குறைந்தால் மட்டும் போதாது. புழு உடலின் பெரும்பகுதியை உதிர்த்துவிட்டுத் தலையை மட்டும் குடலில் பதித்திருக்கலாம். சில நாள் முட்டை வராது, பிறகு கழுத்திலிருந்து புதுக் கணுக்கள் வளரும். எனவே எலியின் சிறுகுடலை நீளவாக்கில் பிளந்து தலைகளை எண்ணியாக வேண்டும். புழுவை இழுக்கக் கூடாது. கழுத்து அறுந்து தலை குடல்சுவரிலேயே தங்கிவிடும், எண்ணிக்கையில் விடுபடும்.